வேலி எங்கே? கல் எங்கே?

வீடு வாங்கப் போகிறவர்கள் எதை எதைப் பார்க்கிறார்கள்?

வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். மழைக்கு ஒழுகுமா என்று விசாரிக்கிறார்கள். ராசிக்குப் பொருந்துமா என்று ஜோசியரையும் கேட்டுவிடுகிறார்கள்.

கொல்லைப்புறம் போய் வேலி ஓரமாக நடந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

மிகச் சொற்பம்!

வீடு வாங்கிய பிறகு வருகிற சண்டைகளில் பெரும் சண்டை அந்த வேலி ஓரத்தில்தான் பிறக்கிறது. வாசல் திசையை வைத்து யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. வேலிக்காகப் போகிறவர்கள் உண்டு. அப்பன் தொடுத்த வழக்கை மகன் நடத்துவதும் உண்டு.

இரண்டு அடி எங்கே போயிற்று?

பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது செட்டிகுளம். ஏகாம்பரேசுவரர் கோயிலும், கையில் கரும்போடு முருகன் நிற்கிற மலைக்கோயிலும் உள்ள பழைய ஊர். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். வெங்காயம் நல்ல விலைக்குப் போனால் ஒரு வீடு வாங்கலாமே என்று நினைப்பவர்கள் அங்கே இருப்பார்கள். விலை விழுந்தால் வீட்டை விற்கலாமா என்று யோசிப்பவர்களும் இருப்பார்கள்.

அந்த ஊரில் ஒருவர் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? கிழமேல் 30 அடி. தென்வடல் 60 அடி. மொத்தம் 1,800 சதுர அடி.

வாங்குகிறவர் கொஞ்சம் விவரமானவர். டேப்பைப் பிடித்து அளக்கிறார். கிழமேல் 28 அடிதான் வருகிறது. மறுபடி அளக்கிறார். அதே 28 அடி.

இரண்டு அடி எங்கே?

கிழக்கு வீட்டுக்காரரின் முள்வேலி இரண்டு அடி உள்ளே தள்ளி நிற்கிறது. அவருடைய குளியல் அறைச் சுவரும் அதே வரிசையில் நிற்கிறது. இரண்டு அடிதானே என்று நினைக்காதீர்கள். 60 அடி நீளத்துக்கு இரண்டு அடி என்றால் 120 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கால் சென்ட்டுக்கு மேல் போய்விட்டது!

விற்கிறவரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

"அது ஒண்ணும் இல்லே தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். நீங்க குடிவந்த பிறகு ஒரு வார்த்தை சொன்னா எடுத்துக்கிடுவார்."

ஒரு வார்த்தையில் எடுத்துக்கொள்கிறவர் என்றால், அந்த ஒரு வார்த்தையை இத்தனை நாளாக இவரே சொல்லியிருக்கலாமே!

இந்த இடத்தில்தான் வாங்குகிறவர் உஷாராக வேண்டும். பணம் முழுவதும் கை மாறிவிட்டால், விற்றவர் மூட்டை முடிச்சோடு போய்விடுவார். வீடும் உங்களுடையது. வேலிச் சண்டையும் உங்களுடையது. ஆகவே நாம் சொல்வது ஒன்றுதான். வேலி விவகாரத்தைக் கிரையத்துக்கு முன்பே தீர்க்க வேண்டும். தீர்த்துக் கொடுக்க வேண்டியவர் விற்கிறவர்.

கண்ணை மூடி வாங்கினால்

"சொல்லாமல் மறைத்துவிட்டார், ஏமாற்றிவிட்டார்" என்று பிறகு வழக்குப் போடலாமே என்று சிலர் நினைக்கலாம்.

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விற்கிறவருக்கு ஒரு கடமை விதித்திருக்கிறது. சொத்தில் உள்ள குறையை அவர் வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்தக் குறையை? சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறையை! வேலியோ வெட்டவெளியில் நிற்கிறது. டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். "நீர் ஏன் அளக்கவில்லை?" என்று எதிர் வக்கீல் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாம் பார்த்துத்தானே பதிவு செய்கிறார்கள் என்று நம்புகிறவர்களும் உண்டு. அங்கே பதிவாவது பத்திரம். வேலி அளவு சரியா என்று அவர்கள் டேப் பிடித்துப் பார்ப்பதில்லை.

மூன்று அளவுகள்

ஒரு மனைக்கு மூன்று அளவுகள் உண்டு. பத்திரத்தில் ஒன்று. பட்டாவிலும் சர்வே படத்திலும் ஒன்று. தரையில் ஒன்று. மூன்றும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம்.

பட்டா இருக்கிறதே, போதாதா என்றால் போதாது. பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. சொத்து யாருடையது என்று தீர்மானிக்கிற கடைசி ஆதாரம் அது அல்ல என்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லிவிட்டன. மூலப் பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரை வரிசையாக வாங்கிப் படிக்க வேண்டும். வில்லங்கச் சான்று வாங்க வேண்டும். சர்வே படத்தின் நகலையும் வாங்க வேண்டும். ஊருக்குள் இருக்கிற வீட்டு மனை பெரும்பாலும் நத்தம் நிலமாக இருக்கும். அப்படியானால் நத்தம் பட்டாவையும் அதற்குரிய படத்தையும் கேட்க வேண்டும்.

படத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயம். பழைய படங்களில் இருப்பது அடிக் கணக்கு அல்ல. லிங்க்ஸ் கணக்கு. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எட்மண்ட் குண்டர் என்ற கணித அறிஞர் 66 அடிச் சங்கிலி ஒன்றைச் செய்தார். அதில் நூறு கண்ணிகள். ஒரு கண்ணிதான் ஒரு லிங்க். எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சங்கிலி வெள்ளைக்காரரோடு நம் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. படத்தில் 45 என்று இருந்தால் 45 அடி என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். அது கிட்டத்தட்ட 30 அடிதான்! புதிய படங்கள் மீட்டர் கணக்கு. ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. நம் 1,800 சதுர அடி மனை பட்டாவில் 167 சதுர மீட்டர் என்று இருக்கும். குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

பத்திரத்தில் அளவைவிட முக்கியமானது நான்கு எல்லை. இன்னாருடைய வீட்டுக்கு மேற்கு, இன்ன தெருவுக்கு வடக்கு என்று எழுதுகிறார்களே, அதுதான். அதைச் சடங்குக்கு எழுதுவதாகப் பலர் நினைக்கிறார்கள். 1961-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. பீகார் மாநிலத்து வழக்கு. ஏலத்தில் விற்ற நிலத்தின் சான்றிதழில் மனை எண் 1060 என்பதற்குப் பதிலாக 160 என்று விழுந்துவிட்டது. ஒரு பூஜ்யம் போனதால் நிலமே போயிற்று என்று எதிர்த் தரப்பு வாதாடியது. பரப்பும் நான்கு எல்லையும் சரியாக இருந்ததால், எண் தவறினாலும் நிலம் அதுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே பழைய பத்திரத்தில் கிழக்கு எல்லை என்று எதை எழுதியிருக்கிறார்கள் என்று எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுங்கள். "கிழக்கு வேலிக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால் வேலியே எல்லை என்று வாதாட இடம் கிடைத்துவிடும்.

வேலிக்கு என்ன வயது?

இனி முக்கியமான கேள்வி. அந்த வேலி எத்தனை வருஷமாக அங்கே நிற்கிறது?

1963-ம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 12 வருஷம் என்று ஒரு கெடு வைத்திருக்கிறது. உங்கள் நிலத்தை இன்னொருவர் ஒளிவுமறைவு இல்லாமல், தம்முடையது என்று சொல்லி, இடைவிடாமல் 12 வருஷம் அனுபவித்து வந்தால், அதைத் திரும்பக் கேட்கிற உரிமையே உங்களுக்கு அற்றுப்போகலாம். 2019-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அப்படி அனுபவித்தவர் கேடயமாக மட்டும் அல்ல, தாமே வழக்குத் தொடுக்கவும் இந்த உரிமையைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது.

"நான் இப்போதுதானே வாங்கினேன், எனக்கு இன்றைக்கு இருந்து 12 வருஷம் உண்டே" என்று சொல்ல முடியாது. விற்கிறவர் காலத்தில் ஓடிய வருஷங்களும் சேர்ந்துதான் ஓடும். அவர் 11 வருஷம் தூங்கியிருந்தால் உங்களுக்கு மிச்சம் ஒரு வருஷம். அவர் 13 வருஷம் தூங்கியிருந்தால், அந்த இரண்டு அடியை உங்களுக்கு விற்க அவரிடமே உரிமை இல்லாமல் போயிருக்கலாம்.

அனுமதி கேட்டு அனுபவித்தவருக்கு இந்தச் சட்டம் உதவாது. "அண்ணே, மாடு கட்டக் கொஞ்சம் இடம் வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் எத்தனை வருஷம் மாடு கட்டினாலும், அதனால் மட்டும் இடம் அவருடையது ஆகிவிடாது. ஆகவே வேலி எப்போது போட்டார்கள், யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும். பக்கத்து வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு வந்த தேதி, தெருவில் உள்ள பெரியவர்கள் இவை எல்லாம் வேலியின் வயதைச் சொல்லும்.

முன்பு கர்ணம் இருந்தார். எந்தக் கல் எந்தப் புளியமரத்தடியில் புதைந்திருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அந்தப் பரம்பரை உத்தியோகங்களை 1980-ல் எடுத்துவிட்டார்கள். கர்ணத்தால் வந்த தொல்லைகளும் கொஞ்சம் அல்ல. அதனால் அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஞாபகம் இருந்த இடத்தில் இப்போது காகிதம்தான் இருக்கிறது. காகிதத்தை நாமே படிக்க வேண்டும்.

அவர் திருடர் அல்ல

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. வேலி உள்ளே தள்ளி இருந்தால் உடனே "நிலத்தைத் திருடிவிட்டான்" என்று சொல்வது நம்மவர்கள் பழக்கம். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. அவருடைய அப்பா காலத்தில் மழையில் சாய்ந்த வேலியைக் கொஞ்சம் தள்ளி நட்டிருப்பார்கள். கொத்தனார் அந்த வேலியைப் பார்த்துச் சுவர் எழுப்பியிருப்பார்.

ரோமாபுரியில் பழைய காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிப்ரவரி 23-ந் தேதி, எல்லைக் கல்லுக்கு இரண்டு பக்கத்துக்காரர்களும் வருவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் மாலை சாத்துவார்கள். அங்கேயே விருந்து சாப்பிடுவார்கள். எல்லைக்கு ஒரு தெய்வமே வைத்திருந்தார்கள். நம் ஊரிலும் எல்லைச் சாமி உண்டு. ஆனால் அது ஊர் எல்லைக்கு. வீட்டு எல்லைக்கு நாம் வைத்திருப்பது கோர்ட்டு!

வாங்குகிறவர் கிரையத்துக்கு முன்பே அந்த வீட்டுக்கு ஒரு தடவை போக வேண்டும். விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"ஐயா, வணக்கம். இந்த வீட்டை நாங்க வாங்கலாம்னு இருக்கோம்."

"வாங்க தம்பி, உக்காருங்க. நல்லது."

"வாங்கறதுக்கு முன்னாலே சர்வேயரை வச்சு அளந்துடலாம்னு பாக்கறோம். நீங்களும் கூட இருந்தா நல்லது."

"எதுக்குத் தம்பி அளக்கறது? வேலிதான் நிக்குதே."

"பத்திரத்துலே முப்பது அடி இருக்கு ஐயா. தரையிலே இருபத்தெட்டுதான் வருது. கல்லு எங்கே இருக்கோ அங்கே இருக்கட்டும். உங்களுக்குச் சேர வேண்டியது ஒரு அங்குலம்கூட எனக்கு வேணாம்."

இப்படிப் பேசினால் கோபப்படுகிறவர்கள் குறைவு. குடிவந்து இரண்டாம் நாள் டேப்போடு போய் நின்றால் கோபப்படாதவர்கள் குறைவு. அளக்கச் சம்மதிக்காமல் கத்துகிறவராக இருந்தால் அதுவும் நல்லதே. பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது அல்லவா?

அளக்கக் கோரி மனுக் கொடுக்க வேண்டியவர் பட்டாதாரர். கிரையம் ஆகும் வரை பட்டாதாரர் விற்கிறவர்தான். இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டலாம். இணைய வழியிலும் மனுச் செய்யலாம். அரசு சர்வேயர் வந்து, படத்தை வைத்து அளந்து காட்டுவார். அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் சொல்லி, அவர்கள் முன்னிலையில் அளப்பதே முறை. தனியார் சர்வேயரை வைத்தும் முதலில் பார்த்துக்கொள்ளலாம். தகராறு என்று வந்தால் அரசு அளவைக்குத்தான் மதிப்பு.

எப்படித் தீர்ப்பது?

அளந்தாயிற்று. இரண்டு அடி உள்ளே வந்திருப்பது உண்மை என்று தெரிந்துவிட்டது. பிறகு?

முள்வேலி என்றால் ஒரு நாள் வேலை. பிடுங்கி நேராக நட்டுவிடலாம். செலவை விற்கிறவர் தலையில் போடலாம். குளியல் அறைச் சுவர்தான் சங்கடம். இரண்டு அடிக்காக ஒருவர் வீட்டுச் சுவரை இடிக்கச் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வருகிறவர் அந்த வீட்டுக்காரர்தான். அதையும் யோசிக்க வேண்டும்.

சுவர் நிற்கிற துண்டை மட்டும் விற்கிறவர் பக்கத்து வீட்டுக்காரருக்கே கிரையம் செய்து கொடுத்துவிடலாம். குளியல் அறை எட்டு அடி நீளம் என்றால் அது 16 சதுர அடி. மிச்சம் உள்ள 1,784 சதுர அடியைச் சரியான அளவோடு நீங்கள் வாங்கலாம். விலையும் அதற்குத் தகுந்தபடி குறையும். துண்டு சின்னதுதானே என்று வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளக் கூடாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவுப் பத்திரம் இல்லாமல் விற்க முடியாது. அந்த நூறு ரூபாய் 1882-ல் வைத்த கணக்கு. இன்றைக்கு எந்த மூலையில் நூறு ரூபாய்க்கு நிலம் கிடைக்கிறது?

கொல்லைப்புறத்தில் அவருடைய இடம் உங்கள் பக்கம் வந்திருந்தால் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

சுவர் இருந்துவிட்டுப் போகட்டும், நிலம் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி உண்டு. "இந்த இடம் இன்னாருடையது. அவர் அனுமதியின்பேரில் சுவர் நிற்கிறது. திரும்பக் கட்டும்போது என் எல்லைக்குள் கட்டுவேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பிறகு "12 வருஷம் ஆயிற்று, எனக்கே சொந்தம்" என்று கிளப்புவது கடினம். இதை ஒரு வக்கீலைக் கொண்டு எழுதுவது நல்லது. வக்கீலுக்கு ஒரு பத்திரத்துக்குக் கொடுக்கிற பணம், பத்து வருஷ வழக்குக்குக் கொடுக்கிற பணத்தைவிடக் குறைவு.

இது எதற்கும் விற்கிறவர் ஒத்துவரவில்லை என்றால்? தரையில் உள்ள 28 அடியை மட்டும் பத்திரத்தில் எழுதி, 28 அடிக்கு மட்டும் பணம் கொடுக்கலாம். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள். கிரைய உடன்படிக்கை எழுதும்போதே "அளந்து, எல்லை சரி செய்து கொடுத்த பிறகே மீதிப் பணம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முன்பணமும் சிக்காது. தரகர் அந்த வரியை வேண்டாம் என்பார். அவருக்குக் கமிஷன் கவலை.

கடப்பாரை வேண்டாம்

ஏற்கெனவே வாங்கிவிட்டோமே, இப்போதுதான் தெரிகிறது என்கிறவர்கள் கடப்பாரையை மட்டும் தூக்கக் கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிடுங்கி எறிகிற வீரர்கள் இருக்கிறார்கள். 1963-ம் ஆண்டின் தனிவகைத் தீர்வழிச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சட்டப்படி அல்லாமல் ஒருவரை அவர் அனுபவத்திலிருந்து வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது. நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும் முதல் சுற்றில் நீங்கள் தோற்றுப்போவீர்கள்.

அரசு நட்ட சர்வே கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பேச்சு முறிந்துவிட்டால் கோர்ட்டுதான். அங்கே நீதிபதி ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, சர்வேயரோடு அனுப்பி இடத்தை அளந்து அறிக்கை வாங்கலாம். சுற்றிச் சுற்றி மறுபடி அளப்பதில்தான் வந்து நிற்கிறது! ஆனால் கோர்ட்டுக்கு முன்னாலேயே ஒரு வாசல் இருக்கிறது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி மக்கள் நீதிமன்றம் நடக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிய முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஏற்கெனவே நடக்கிற வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்ப வரும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. வெளிநாட்டில் கணவர் வேலை பார்க்க, ஊரில் தனியாக வீடு வாங்கி வேலிச் சண்டையில் மாட்டிக்கொண்ட பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் நல்லபடி முடிந்து கிரையம் ஆகிவிட்டால் இன்னும் ஒரு வேலை பாக்கி. துண்டு பிரிந்திருந்தால் உட்பிரிவு செய்து, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். சர்வேயர் கொடுத்த படத்தை இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைப் பத்திரத்தோடு வையுங்கள். மற்றொன்றைக் கிழக்கு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.